கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு சென்னை தீம் பார்க் போகிறோம். ரூம், சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

நாங்களும் கும்பகோணம் பக்கம்தான். ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் பொழுது விடியுமுன் தாம்பரம். சிக்கலே அங்கேதான். ஆன்லைனில் புக் செய்யும் ஹோட்டல்களில் பெரும்பாலும் பகல் 12 மணிக்கு மேல்தான் செக்-இன். விடிகாலையில் போய் நின்றால் கூடுதல் வாடகை கேட்பார்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு வரவேற்பறையில் உட்கார வேண்டியதுதான். அதனால் 24 மணி நேர செக்-அவுட் (நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை) உள்ள லாட்ஜா என்று முதலிலேயே போன் போட்டுக் கேளுங்கள். காலை 5 மணிக்கு நுழைந்து, குளித்து, ஈஞ்சம்பாக்கம் விஜிபியோ முட்டுக்காடு எம்ஜிஎம்மோ பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகளை மறுபடி குளிப்பாட்டி, அன்றிரவே ரயிலேறினால் ஒரே நாள் வாடகையோடு முடிந்தது.

சாப்பாடு? பார்க்குக்குள் வெளிச் சாப்பாட்டைப் பொதுவாக விடமாட்டார்கள். ரயிலுக்கும் காலைக்கும் புளியோதரை போதும். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறி, ஆறவைத்து, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். தயிர்சாதம் வேண்டாம். ஒருமுறை புளித்துப் பொங்கி, மாற்றுத்துணியெல்லாம் நாறிப்போய்விட்டது! உள்ளே மதியம் 12 மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் கூட்டத்தில் நிற்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு அன்லிமிடெட் மீல்ஸ் வாங்குவது வீண். ஒரு வெரைட்டி ரைஸை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.