கீமோவுக்குப் பிறகு: வாசகர் கேள்விகள்

ஊசி போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா?

சிவப்பு மருந்து, அதாவது டாக்ஸோரூபிசின் ஏற்றியிருந்தால் அது மருந்தின் நிறம்தான். ஒன்றிரண்டு நாளில் தெளிந்துவிடும். அதற்கு மேலும் நீடித்தாலோ எரிச்சல் இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பாவுக்குக் கை கால் மரத்துப்போகிறது. என்ன மாத்திரை கொடுக்கலாம்?

என்ன மருந்து ஏறியது என்று எழுதாமல் மாத்திரை கேட்டால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? பாக்லிடாக்ஸலும் மரக்க வைக்கும், ஆக்ஸாலிபிளாட்டினும் மரக்க வைக்கும். ஆக்ஸாலிபிளாட்டின் என்றால் சில நாட்களுக்கு ஐஸ் தண்ணீர் கூடாது, ஃபிரிட்ஜுக்குள் கை விடக் கூடாது. சட்டை பட்டன் போடவே தடுமாறுகிறார் என்றால், அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். டோஸைக் குறைக்க வழி உண்டு.

அம்மாவுக்குப் பத்தாம் நாள் ராத்திரி 101 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிட்டது. காலை வரை காத்திருந்தது சரிதானே?

சரியில்லை. எத்தனை முறைதான் எழுதுவது! கீமோ முடிந்து ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது கிருமி நுழைந்தால் எதிர்க்க ஆளில்லை. சீழ், வீக்கம்கூடச் சரியாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். அதையும் மாத்திரையால் அமுக்கிவிட்டால்? இறங்கியது சூடுதான், கிருமி உள்ளேயே இருக்கிறது. 100.4 தொட்டால் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். "விடியட்டும்" என்று சொல்லும் சித்தப்பாவைத் தூங்கச் சொல்லுங்கள். கேஷுவாலிட்டியில் முதல் வாக்கியமே "கீமோ போட்டுப் பத்து நாள்" என்பதாக இருக்கட்டும். இல்லையென்றால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். குளிர் நடுக்கம் இருந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் போங்கள். தொட்டுப் பார்த்துச் "சுடவில்லை" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

வாய்ப்புண்ணுக்கு?

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. நாலைந்து தடவை கொப்பளியுங்கள். சுருக்கென்று எரியும் கடை மவுத்வாஷ் வேண்டாம். சாப்பிட்டால் விழுங்கவே முடியவில்லை, காய்ச்சலும் இருக்கிறது என்றால் மேலே உள்ள பதிலை மறுபடி படியுங்கள்.

ரேடியேஷன் கொடுத்த இடத்தில் மஞ்சள் பூசலாமா?

கூடாது. சிகிச்சை தரும் இடத்தில் எழுதித் தந்த களிம்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

முடி திரும்ப வருமா?

பெரும்பாலும் வரும். கடைசி ஊசிக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு மாதம். முதலில் சுருட்டையாக வந்தால் பயப்படாதீர்கள்.

வாந்தி மாத்திரை போட்டதிலிருந்து மலச்சிக்கல்.

ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை செய்யும் வேலை அது. தண்ணீர் நிறையக் குடியுங்கள், மலமிளக்கி எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எனிமா கூடவே கூடாது.