பிஎஸ்ஐ, பார், கிலோபாஸ்கல்: அழுத்த அலகுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எப்படி?

காரின் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் டயர் அழுத்தம் 230 கிலோபாஸ்கல் என்று இருக்க, காற்றடிக்கும் கடையில் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு விசை) கணக்கில் கேட்கிறார்களே, எவ்வளவு சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த அலகாக இருந்தாலும் முதலில் கிலோபாஸ்கலுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேண்டிய அலகுக்குப் போவதே குழப்பமில்லாத வழி. 1 பார் என்பது மிகச் சரியாக 100 கிலோபாஸ்கல். 1 பிஎஸ்ஐ ஏறத்தாழ 6.895 கிலோபாஸ்கல், 1 மில்லிமீட்டர் பாதரசம் 0.1333 கிலோபாஸ்கல். ஆகவே 230-ஐ 6.895-ஆல் வகுத்தால் 33.4 வருகிறது, கடையில் 33 என்று சொன்னால் போதும்.

பட்டறைகளில் "ஏழு கிலோ பிரஷர்" என்பார்களே, அது சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ விசை. அங்கே 1 கிலோ என்பது 98.07 கிலோபாஸ்கல். கம்ப்ரஸரின் கேஜில் இரண்டு அளவுகோல்கள் இருந்தால், ஒன்றில் முள் 7-ஐத் தொடும்போது மற்றொன்றில் 100 பிஎஸ்ஐக்கு மயிரிழை முன்னால் நிற்பதைக் காணலாம். ஒரு கிலோவுக்கும் ஒரு பாருக்கும் இரண்டு சதவீத வேறுபாடுதான் என்பதால் காற்றடிக்க இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை. ஆனால் பாதுகாப்பு வால்வைச் சரிசெய்யும்போது அந்தத் தாராளம் கூடாது.

பெருக்கலும் வகுத்தலும் எளிது. பலர் சறுக்குவது வேறோரிடத்தில். டயர் கேஜ் காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ள மிகுதியை மட்டுமே. தனி அழுத்தம், அதாவது வெற்றிடத்திலிருந்து கணக்கிடும் முழு அழுத்தம், வேண்டுமானால் கடல்மட்டத்தில் 101.3 கிலோபாஸ்கலை, அதாவது 14.7 பிஎஸ்ஐயை, அதனோடு கூட்ட வேண்டும். அலகை மட்டும் மாற்றும்போது இந்த வேறுபாடு தலைகாட்டாது. வாயு விதிகளைப் பயன்படுத்தும்போதுதான் கணக்கைக் கெடுக்கும்; கெல்வின் வெப்பநிலை ஏறும் அதே விகிதத்தில் ஏறுவது தனி அழுத்தமே. 27 டிகிரி செல்சியசில் 33 பிஎஸ்ஐ காட்டிய டயர், நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 300 என்பது 330 ஆகிறது, அதாவது பத்து சதவீத உயர்வு. அதை நேரே 33-இன் மேல் ஏற்றினால் 36.3 வரும், முறைப்படி 33-உடன் 14.7-ஐக் கூட்டி வரும் 47.7-இன் மேல் ஏற்றி, பிறகு 14.7-ஐக் கழித்தால் ஏறத்தாழ 37.8 வரும். டயரின் கன அளவு மாறவில்லை என்று கொண்டால் பின்னதே சரியான விடை.

வெற்றிட பம்புகளில் இதுவே தலைகீழாக வரும். கேஜ் 450 மில்லிமீட்டர் வெற்றிடம் காட்டினால், உள்ளே எஞ்சியிருக்கும் தனி அழுத்தம், கடல்மட்டக் காற்றழுத்தமான 760-இல் 450 போக 310 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது சுமார் 41 கிலோபாஸ்கல். உதகமண்டலம் போன்ற உயரமான ஊரில் 760-க்குப் பதிலாக அங்குள்ள காற்றழுத்தத்தைப் பாரமானியில் பார்த்து, அதிலிருந்து கழிக்க வேண்டும்.