சுவரில் ஓதம்: பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் சொந்த வீட்டின் தரைத்தளப் படுக்கையறையில் ஒரு சுவர் மட்டும் தரையிலிருந்து சுமார் இரண்டடி உயரம் வரை பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்கிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் குளியலறை. மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டோம். இரண்டு முறையும் ஆறேழு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது. இப்போது ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர் சுவரில் ஒரு கருவியை வைத்துப் பார்த்து, நிலத்து ஈரம் ஏறுகிறது என்றும், எல்லாச் சுவர்களிலும் துளையிட்டு ரசாயனம் செலுத்தினால் பத்தாண்டு உத்தரவாதம் தருவதாகவும் சொல்கிறார். அஸ்திவாரமே கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அஸ்திவாரத்தைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள், நீங்கள் விவரிக்கும் அறிகுறிகளில் அஸ்திவாரம் கெட்டதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. அடுத்ததாக, அந்த நிறுவனத்துக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். நிலத்து ஈரம் சுவரில் ஏறுவது உண்மையான சிக்கல்தான். ஆனால் அது பெரும்பாலும் வெளிச்சுவர்களில், மண்ணோ தளமோ உயர்த்தப்பட்ட பக்கங்களில், நீளவாக்கில் தோன்றும். வெளிச்சுவர்கள் எல்லாம் உலர்ந்திருக்க, குளியலறையை ஒட்டிய ஓர் உட்சுவரை மட்டும் நிலத்து ஈரம் தேடிப்பிடித்து ஏறுவது மிகவும் அபூர்வம். உங்கள் சுவருக்குத் தண்ணீர் குளியலறையிலிருந்துதான் வருகிறது என்றே கருதுகிறேன். குளியலறையின் எந்த இடத்திலிருந்து என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வெள்ளையாகப் பூக்கும் பொருள் என்ன என்று தெரிந்துகொண்டால், இரண்டு முறை அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை என்பது விளங்கும். செங்கல்லிலும் சிமென்ட் கலவையிலும் மணலிலும் தண்ணீரில் கரையக்கூடிய உப்புகள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சுவருக்குள் புகும் தண்ணீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. அங்கே தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் படிகமாகத் தங்கிவிடுகிறது. பெயின்டுக்கு அடியில் வளரும் அந்தப் படிகங்கள் பெயின்டையும் பட்டியையும் பூச்சையும் வெளிப்பக்கமாகத் தள்ளி உடைக்கின்றன. ஆகவே உதிர்வது பெயின்டின் குறை அல்ல. நாளையே இருப்பதில் உயர்ந்த பெயின்டை வாங்கி அடித்தாலும், தண்ணீர் வந்துகொண்டிருக்கும்வரை அதுவும் உதிரும். அதிலும், தண்ணீர் புகாத பெயின்ட் என்று சொல்லி விற்பதை உட்புறத்தில் அடித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, இரண்டடியில் நின்றிருந்த கறை மூன்றரை அடியில் போய் வெளிப்படும்.

அந்தக் கருவியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்; இதை வைத்து ஏமாந்த வீட்டுக்காரர்கள் என்னிடம் வராத மாதம் இல்லை. இரண்டு ஊசிகளைச் சுவரில் குத்தி எண் காட்டும் இவ்வகைக் கருவி, அடிப்படையில் மரத்தின் ஈரத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்டது. இரண்டு ஊசிகளுக்கும் இடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதை மட்டுமே அது அளக்கிறது. உப்புப் படிந்த சுவரில் லேசான ஈரம் இருந்தாலே மின்சாரம் நன்றாகக் கடக்கும் என்பதால், ஏறக்குறைய உலர்ந்துவிட்ட சுவரிலும் எண் உச்சத்துக்குப் போகும், சிவப்பு விளக்கும் எரியும். வருகிறவர் விளக்கு எரிவதைக் காட்டுவார். நீங்கள் அஞ்சிப்போய்க் கையெழுத்துப் போடுவீர்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் ஆற்றல் அந்தக் கருவிக்கு அறவே கிடையாது. சுவரின் உட்புறத்திலிருந்து துளையிட்டு எடுத்த தூளை நிறுத்து, உலர்த்தி, மறுபடியும் நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. அதைச் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானோர் அடுத்த முறை வரமாட்டார்கள். ஆய்வை இலவசமாகச் செய்பவரும் வேலையை விற்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, ஆய்வின் முடிவு வீட்டுப் படியேறும் முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஈரத்தின் விளிம்பை ஒட்டிச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு வரைந்து, அருகில் தேதியை எழுதி வையுங்கள். ஈரம் கூடுகிறதா குறைகிறதா என்பதைக் கண்ணின் நினைவைவிட இந்தக் கோடு சரியாகச் சொல்லும்.

குளியலறைச் சுவருக்குள் தண்ணீர் புகுவதற்கு நான்கு வழிகள் உண்டு: அழுத்தத்தோடு நீர் வரும் குழாய், தரை, கழிவுநீர்க் குழாய், டைல்ஸ் பதித்த சுவர். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைச் சோதிக்க வேண்டும்; எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எதுவும் விளங்காது. முதலில், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டிக்கு நீர் வரும் வழியையும் அடைத்துவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் குழாயில் கசிவு உண்டு. நேரடி இணைப்பாக இருந்தால் மீட்டரைப் பாருங்கள். மட்டம் இறங்கவில்லை என்றால், குளியலறையின் நீர்ப்போக்கித் துவாரத்தைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக்கி அடைத்து, தரையில் இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டுவையுங்கள். ஒரு நூலளவு ஆவியாவது இயல்பு. தெளிவாக இறங்கினால் தரையின் இடுக்குகளோ தரைக்கடியில் உள்ள தடுப்புப் பூச்சோ பழுது. அதுவும் சரியாக இருந்தால், நிறம் கலந்த தண்ணீரை வாளி வாளியாகத் துவாரத்தில் மட்டும் ஊற்றி, இரண்டு மூன்று நாள் காத்திருந்து, படுக்கையறைச் சுவரைப் பாருங்கள். கடைசியாக, ஷவர் நீர் டைல்ஸ் சுவரில் படும்படி அரைமணி நேரம் திறந்துவிடுங்கள். ஈரம் சுவரைக் கடந்து மறுபக்கம் வரச் சில நாட்கள் ஆகும் என்பதால், ஒவ்வொரு சோதனைக்கும் இடையில் பொறுமை வேண்டும். ஈரமான இடத்தில் சுவிட்ச் பெட்டி இருந்தால் மட்டும் இவற்றுக்கெல்லாம் காத்திருக்காமல் அந்த இணைப்பை இன்றே நிறுத்தி எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

உங்கள் வீட்டைப் போலவே இருமுறை பெயின்ட் அடித்துத் தோற்ற ஒரு வீட்டை அண்மையில் பார்த்தேன். முதல் மூன்று சோதனைகளிலும் குற்றம் எதுவும் தெரியவில்லை. நான்காவதில், ஷவர் குழாய் சுவரிலிருந்து வெளிவரும் இடத்தை மூடியிருக்கும் வட்டமான எவர்சில்வர் தட்டைத் திருகிக் கழற்றினோம். தட்டுக்குப் பின்னால் டைல்ஸை வெட்டிய துளை குழாயைவிட விரல் பருமன் அகலமாக இருந்தது. அந்த இடைவெளியில் எதுவும் அடைக்கப்படவில்லை. குளிக்கும் ஒவ்வொரு முறையும் குழாயின் மீது வழிந்த நீர் அந்த ஓட்டை வழியாகச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே விரலை விட்டால் பூச்சு, நனைந்த மணலைப் போல் கையோடு வந்தது. சிலிகான் பசை ஒரு குழாயும் அரைமணி நேர வேலையுமே அதற்கான முழு மருந்து. ஆறு வாரம் கழித்துப் போனபோது பென்சில் கோட்டுக்குள் ஈரம் நான்கு விரல் கீழே இறங்கியிருந்ததை அந்த வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வீட்டைப் பழுது பார்ப்பதில் கிடைக்கும் நிறைவு இந்த நான்கு விரலில்தான் இருக்கிறது.

பத்தாண்டு உத்தரவாதம் தருவதாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். பத்தாண்டு என்று மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் தாளின் கீழ்ப்பகுதியைப் படியுங்கள். உத்தரவாதம் பெரும்பாலும் பொருளுக்கு மட்டுமே இருக்கும். கூலிக்கு இருக்காது, குழாய்க் கசிவால் வந்த ஈரத்துக்கு இருக்காது, வேறு யாராவது அந்தச் சுவரைத் தொட்டிருந்தால் எதற்குமே இருக்காது. உங்கள் சிக்கல் குழாய்க் கசிவாகவே இருந்தால், எதற்காகப் பணம் கொடுத்தீர்களோ அதுவே விலக்காகிவிடும். ஆனால் முழுப் பழியையும் இவர்கள் மீது மட்டும் போடமாட்டேன். வீடு கட்டி முடித்துச் சாவியைக் கொடுப்பவர்கள், எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று காட்டும் ஒரு வரைபடத்தைக் கொடுப்பதே இல்லை. பூசி மூடுவதற்கு முன் நாலு படம் எடுத்துத் தருவதற்குச் செலவு என்று எதுவும் கிடையாது. இருந்தும் யாரும் செய்வதில்லை, கேட்பாரும் இல்லை. அதன் விளைவாக, ஒவ்வொரு கசிவுக்கும் வீட்டுக்காரர் சுவரைக் குத்துமதிப்பாக உடைக்கிறார். கொத்தனார் ப்ளம்பரைக் கைகாட்டுகிறார், ப்ளம்பர் டைல்ஸ்காரரைக் கைகாட்டுகிறார், பெயின்டர் எல்லாருக்கும் பிறகு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகிறார்.

உப்புப் பூத்தாலும் எதுவும் செய்யக் கூடாத ஒரு நிலை உண்டு. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது என்றாலும், இதே கவலையோடு எழுதுபவர்களில் பலர் புதிதாகக் குடியேறியவர்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும்போது கலவையிலும் பூச்சிலும் சேர்த்த தண்ணீர், சிமென்ட் இறுகுவதற்காக நாள்தோறும் ஊற்றிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து சுவருக்குள் ஏராளமாகத் தங்கியிருக்கும். சுவர் உலர அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடத் தொழிலின் பழைய கணக்கு. அதன்படி ஒன்பதங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகும். இந்தக் காலத்தில் சுவரில் மெல்லிய வெண்பூச்சாக உப்பு தோன்றினால் அது கசிவு அல்ல. வீடு உலர்கிறது என்பதற்கான அடையாளம். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, உதிர்வதைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. துடைத்தால் உப்பு மறுபடியும் கரைந்து சுவருக்குள் போய், அடுத்த வாரம் திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் குறைவாகப் பூத்து, ஓராண்டுக்குள் நின்றுவிட்டால் கவலைக்கு இடமில்லை. ஓராண்டு கடந்தும் ஒரே இடத்தில் ஒரே அளவில் பூத்துக்கொண்டிருந்தால்தான் மேலே சொன்ன சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

உங்கள் சுவருக்கு வருகிறேன். கசியும் இடத்தை அடைத்த பிறகு, ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி உயரம் வரை பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிடச் சொல்லுங்கள். உப்பு அந்தப் பூச்சில்தான் தங்கியிருக்கிறது. செங்கல் தெரிய இருக்கும்போதே, குழாய்கள் தென்பட்டால் அளவுநாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். சுவர் நன்றாக உலரும்வரை அப்படியே திறந்திருக்கட்டும். பார்க்க அழகாக இருக்காது, வருகிறவர்கள் கேட்பார்கள், அவசரப்படாதீர்கள். பிறகு சிமென்ட் கலவையிலோ சுண்ணாம்புக் கலவையிலோ பூசுங்கள். ஜிப்சம் பூச்சு ஈரம் பட்டால் இளகிவிடும் என்பதால் அந்தச் சுவருக்கு வேண்டாம். புதுப்பூச்சும் உலர்ந்த பிறகு, ஈரம் வெளியேற விடும் சாதாரணப் பெயின்டை அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடியுங்கள். கட்டிலையும் அலமாரியையும் ஒரு சாண் தள்ளியே போடுங்கள். முன்பு இரண்டு முறையும் ஆறேழு மாதத்தில் உதிர்ந்தது என்று எழுதியிருந்தீர்கள்; எட்டாவது மாதம் அந்தச் சுவரை உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, கையில் தூள் ஒட்டாமல் இருந்தால் அலமாரியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.