பிரேக் மிதித்தால் ஏன் இப்படி?

இந்தத் தடவை வந்தவை எல்லாம் கார் பிரேக் கேள்விகள். பதிலுக்குப் போவதற்கு முன் ஒரு நிபந்தனை: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதரை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, தாங்கி நிற்க ஸ்டாண்டு, மூன்றும் வேண்டும். இல்லாதவர்கள் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். கோளாறு எங்கே என்று தெரிந்துகொண்டு போகிறவர் தலையில் தேவையில்லாத பாகத்தைக் கட்டுவது கஷ்டம்.

பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் கெட்டியாகிறது. மாஸ்டர் சிலிண்டர் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். அடிக்க அடிக்கக் கெட்டியாகிறது என்றால் பெரும்பாலும் பிரேக் ஆயில் ஓடும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது பின்சக்கர டிரம்மில், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கு இடைவெளி கூடியிருக்கும். மிதிக்கும் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர், அது போனால் அறிகுறி வேறு. என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தத்தில் அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். வெளியே எங்கும் கசிவே இல்லாமல் பெடல் மட்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், சிலிண்டருக்கு உள்ளே ரப்பர் சீல் விட்டுவிட்டது. அப்போது மாற்றுங்கள்.

காற்று என்றால் அது எந்த வழியாகப் போனது என்பதுதான் முதல் கேள்வி. நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடோ டயரின் உள்சுவரோ ஈரமாக இருந்தால் கசிவு அங்கேதான். அதைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். சக்கர பிரேக்கில் காற்றை வெளியேற்றவென்றே இருக்கும் சிறு திருகுதான் நிப்பிள். அதில் ஒரு ஒளிபுகும் டியூபைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கிவையுங்கள். உள்ளே இருப்பவர் மிதித்துப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்கலாம். முந்தினால் வெளியே வந்த காற்று திரும்ப உள்ளே போய்விடும். குமிழி நிற்கும்வரை இதைச் செய்யுங்கள், நடுவில் பிரேக் ஆயில் டப்பா காலியாகிவிடாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் பெடல் போனால், துருவேறிய பகுதியில் உரசி நல்ல சீலும் கிழிந்துவிடும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள்.

டப்பாவில் பிரேக் ஆயில் குறைகிறது, ஆனால் கசிவே இல்லை. ஊற்றி நிரப்பினால் போதுமா?

முதலில் பேடைப் பாருங்கள், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிப்பது அதுதான். பேட் தேயத் தேய, பேடைத் தாங்கும் காலிப்பரில் அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகரும், காலியான இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். புதுப் பேடில் உராயும் பகுதி 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றும் நேரம்.

இன்னொன்று, ‘பிரேக் ஆயில்’ என்ற பெயரே ஒரு தொல்லை. அது எண்ணெய் இல்லை. பெயரை நம்பி என்ஜின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றினால், உள்ளே உள்ள ரப்பர் எல்லாம் ஊதி வீங்கி, ஒரு பாட்டிலில் முடிந்திருக்க வேண்டிய செலவு மொத்த பிரேக்குக்கும் போய்விடும். மூடியில் டாட் 3, டாட் 4 என்று எது போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, இவற்றோடு சேராது. திறந்து வெகுநாள் ஆன பாட்டிலும் வேண்டாம். இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 ஆகிவிடுகிறது. நீண்ட மலை இறக்கத்தில் திடீரென்று பெடல் வெறுமையாகப் போவது இதனால்தான். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. இடது காலிப்பரைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்தைக் கழற்றியிருக்க வேண்டும். இடது நன்றாகப் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை, அதனால்தான் இழுக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு, இரண்டு முன்சக்கரங்களின் அருகிலும் தொடாமல் கையைக் காட்டிப் பாருங்கள். சூடு குறைவாக இருப்பதுதான் வேலை செய்யாத பக்கம். பிரேக் பிடிக்காதபோதும் இடப்பக்கமே இழுத்து, இடது சக்கரம் கொதித்தால் மட்டும் கதை மாறும். அப்போது இடதுதான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டிலும் நான் முதலில் பார்ப்பது காலிப்பர் நகரும் பின்களைத்தான். ரப்பர் உறைக்குள் தண்ணீர் போயிருந்தால், பழைய கிரீஸ் புளி மாதிரி கருத்து இறுகி, பின்கள் துருவேறி, முறுக்கி முறுக்கித்தான் வெளியே வரும். பெரும்பாலும் உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருக்கும், வெளிப்பக்கத்தது புதிதுபோல் இருக்கும். சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டினால் முடிந்தது. சாதாரண கிரீஸ் ரப்பரை வீங்க வைக்கும்.

பின்கள் நன்றாக நகர்ந்தும் சக்கரம் இறுகியே இருந்தால், நிப்பிளைச் சற்றுத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது: பெரும்பாலும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கும். விடுபடவில்லையா, பிஸ்டன் ஜாம்.

வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. டிஸ்க் மாற்ற வேண்டுமா?

இதில் நான் காசை விட்டவன். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நம்பி இரண்டும் புதிதாகப் போட்டேன், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே உதறல். கழற்றினால், டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு துருச்செதிள். அந்தச் செதிளால் டிஸ்க் துளி சாய்ந்து சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசி, கனம் ஏறியிறங்கிப் போயிருந்தது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே கைக்குத் தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்திருந்தால் முதல் ஜோடியோடு போயிருக்கும். சக்கர நட்டுகளையும் எதிரெதிராக, சமமாக முறுக்குங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனதை மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது.

என்ஜினை அணைத்து ஐந்தாறு முறை மிதியுங்கள். கடைசியில் மிதித்துப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால், மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் பூஸ்டரை விலை கேட்கும் முன் அதற்குப் போகும் வேக்கம் ஹோஸைத் தடவிப் பாருங்கள், வெடித்திருக்கலாம்.

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. ஓட்டலாமா?

சாதாரண பிரேக் பிடிக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலைதான் இருக்காது. நிதானமாக ஓட்டி வீடு சேரலாம். சக்கர சென்சார் முனையில் சேறோ ஒயரில் கிழிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே சிவப்பு விளக்கும் எரிந்தால் ஓட்டக்கூடாது.

பேடை நானே மாற்றலாமா?

முன்சக்கரம் என்றால் தாராளமாக. காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பழைய தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா நிரம்பி வழிகிறதா என்று ஒரு கண் வையுங்கள். பின்சக்கர டிஸ்க் என்றால் கொஞ்சம் பொறுங்கள்: ஹேண்ட் பிரேக் சேர்ந்த பிஸ்டனைப் பல வண்டிகளில் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் அதைச் சர்வீஸ் நிலைக்கு மாற்றாமல் தொடவே கூடாது.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் சில மிதிகள் தரைவரை போகும், ஏனென்றால் பேட் இன்னும் டிஸ்க்கைத் தொட்டிருக்காது. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து மதில் சுவரில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.