குமிழைத் திருகுமுன்: மேடைக் குரல் கேள்வி-பதில்

என் குரலுக்கு ஈக்யூ (பாஸ், மிட், டிரெபிளை ஏற்றி இறக்கும் குமிழ்கள்) எவ்வளவு வைக்க வேண்டும்? நம்பர் மட்டும் அனுப்பினால் போதும்.

ஆண் குரலா பெண் குரலா, என்ன மைக், எந்த மண்டபம், ஒன்றும் எழுதவில்லை. கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டு ‘எனக்கு என்ன பவர்?’ என்று கேட்பதும் இதுவும் ஒன்று. லோ கட்டை, அதாவது அடிச் சத்தத்தை வெட்டுவதை, 100 ஹெர்ட்ஸில் போடுங்கள், மற்ற குமிழ்களை நடுவில் விடுங்கள். பாடிக் கேட்டுவிட்டு எது பிடிக்கவில்லை என்று எழுதுங்கள்.

குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. டிரெபிளை ஏற்றியும் சரியாகவில்லை.

ஆகாது. குடம் இருப்பது 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை. ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) கொஞ்சம் இறக்கிக்கொண்டு, மிட் குமிழை 6 டெசிபல் ஏற்றி, அதன் ஃப்ரீக்வன்சி குமிழை மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் குரல் சகிக்கவில்லையோ அங்கே நிறுத்தி, 3, 4 டெசிபல் குறையுங்கள். அதற்கு முன் பாடகரைப் பாருங்கள். உதடு மைக்கில் ஒட்டியிருந்தால் பாஸ் தானாக வீங்கும். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி.

கிரானைட் சுவர் மண்டபம். எக்கோவை ஈக்யூவில் எடுக்க முடியுமா?

முடியாது. ஸ்பீக்கர் முகத்தைப் பின்சுவரிலிருந்து ஜனங்கள் பக்கம் சாய்த்து வையுங்கள், வால்யூமைக் குறையுங்கள். காலி மண்டபத்தில் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். ஆட்கள் நிறைந்ததும் பாதி அடங்கிவிடும்.

எங்கள் மைக் செட்காரர் 31 பேண்ட் கிராஃபிக்கை (31 ஸ்லைடர் உள்ள ஈக்யூ) எப்போதும் சிரிக்கிற வாய் மாதிரி வளைத்து வைக்கிறார். அது சரியா?

இந்தக் கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். ஒரு வரவேற்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மண்டபத்துக்கேற்ப மாஸ்டர் கிராஃபிக்கைச் சரிசெய்தேன். 250 ஹெர்ட்ஸில் கொஞ்சம் குறைவு, 3.15 கிலோஹெர்ட்ஸில் ஒரே ஒரு ஸ்லைடர் கீழே, மற்றதெல்லாம் நேர்கோடு. அப்புறம் பந்திக்குப் போனேன். ரசம் சாதம் பிசையும்போது கேட்டால் பாட்டில் வார்த்தையே இல்லை. அடியில் ஒரு முனகல், மேலே ஒரு சீறல், அவ்வளவுதான். கை கழுவிவிட்டு ஓடி வந்து பார்த்தால் 31 ஸ்லைடரும் அழகாக வளைந்து என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. “பார்க்க நல்லா இல்ல சார், அதான் ஷேப் பண்ணினேன்” என்றார் மைக் செட் தம்பி.

தாழ்ந்த சத்தத்தில் நம் காதுக்குப் பாஸும் டிரெபிளும் குறைவாகக் கேட்கும். அதற்காக வீட்டு செட்டில், அவை இரண்டையும் ஏற்றும் லவுட்னஸ் பட்டன் வைத்தார்கள். 95 டெசிபல் அலறும் மண்டபத்தில் அதற்கு என்ன வேலை? க, ச, ட, த, ப எல்லாம் புரிய வைப்பது 2 முதல் 4 கிலோ வரைதான். வளைவின் பள்ளம் அதையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடுகிறது. 63 ஹெர்ட்ஸில் மனிதக் குரல் அனேகமாகக் கிடையாது. அதை ஏற்றினால் மேடைப் பலகையில் யாரோ நடக்கிற சத்தம்தான் ஏறும். பிறகு ‘குரல் கேட்கலை’ என்று ஃபேடரைத் தள்ளுவார்கள், 8 கிலோவில் கீய்ங் என்று கத்தும். மைக் கம்பெனி மேல் பழி. தயவுசெய்து எல்லாவற்றையும் நேர்கோட்டுக்குக் கொண்டு வந்து, தேவையான இடத்தில் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். குறைப்பதுதான் வேலை, ஏற்றுவது அல்ல.

கீய்ங் சத்தத்துக்கு ஏழெட்டு பேண்ட் குறைத்துவிட்டேன். இன்னும் நிற்கவில்லை.

ஏழெட்டா! அதோடு குரலும் போயிருக்குமே. நாலுக்கு மேல் போனால் ஈக்யூவை விட்டுவிட்டு மானிட்டரை (பாடகருக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) நகர்த்துங்கள். கார்டியாய்டு மைக்குக்கு (முன்பக்கம் நன்றாகக் கேட்கிற வகை) நேர் பின்னால் காது மந்தம், மானிட்டர் அங்கே இருக்கட்டும். சூப்பர் கார்டியாய்டுக்கு (முன்பக்கம் இன்னும் குறுகலாகக் கேட்கிற வகை) நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும்; அதனால் பின்பக்கத்தில் சற்று ஓரமாக. பாடகர் மைக் தலையைப் பொத்திப் பிடிக்கிறாரா என்றும் பாருங்கள். பொத்தினால் எந்த மைக்கும் நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். நாலு விரல் இடைவெளி என்பது மறுபடியும் நினைவிருக்கட்டும்.

‘ஸ’, ‘ஷ’ காதைக் குத்துகிறது.

6 முதல் 8 கிலோவில் 3 டெசிபல் குறையுங்கள். மைக்கை லேசாக ஓரம் திருப்பினாலே பாதி சரியாகும்.

கச்சேரியில் பாட்டு மைக்கில் மிருதங்கம் விழுகிறது. எந்தக் குமிழ்?

எந்தக் குமிழும் இல்லை. ஒரு அடி தள்ளியிருக்கும் மைக்கை அரை அடிக்குக் கொண்டு வாருங்கள். குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், மிருதங்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். வித்வானிடம் இதைத் தனியாக, கச்சேரிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; ஆலாபனை நடுவில் மேடையேறி மைக்கை நகர்த்தி நான் வாங்கிய முறைப்பு ஒன்று போதும்.