குன்னூர் ஏலம் முதல் நிஃப்டி வரை: மெஷின் லேர்னிங் கேள்வி பதில்

நிதிச் சந்தை ஆய்வில் மெஷின் லேர்னிங் (பழைய டேட்டாவிலிருந்து கணினியே கற்றுக்கொண்டு கணிக்கும் முறை) பற்றி நம் மலைக்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

ஊட்டி, எம்.எஸ்சி. மாணவி: அக்கா, நிஃப்டியின் (50 பெரிய நிறுவனங்களின் பங்குக் குறியீடு) நாளைய விலையை என் எல்.எஸ்.டி.எம். (வரிசையாக வரும் டேட்டாவைக் கற்கும் நியூரல் நெட்வொர்க்) மாடல் கணிக்கிறது. வரைபடத்தில் நிஜ விலை, கணிப்பு இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போகின்றன. கட்டுரையாக்கலாமா?

கடைசி ஒரு மாதத்தை மட்டும் பெரிதாக்கிப் பாரும்மா. பெரும்பாலும் மாடலின் கோடு ஒரு நாள் பின்தங்கி வரும். நேற்றைய விலையைத்தான் அது திருப்பிச் சொல்கிறது. நிஃப்டி 24,000-இல் இருக்கும்போது 150 புள்ளி பிழை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல நாள்களில் மொத்த நகர்வே அவ்வளவுதான். விலையை விட்டுவிட்டு அன்றாட ஏற்ற இறக்கச் சதவீதத்தைக் கணி. ‘இன்றைய விலையே நாளைக்கும்’ என்ற சோம்பேறிக் கணிப்பை அது ஜெயித்தால் கட்டுரையைப் பற்றிப் பேசலாம்.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்: மேடம், குன்னூர் வார ஏலத்தின் சராசரி விலைக்கு ரேண்டம் ஃபாரஸ்ட் (பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மாடல்) போட்டேன். சோதனையில் பிரமாதம், நிஜ ஏலத்தில் சொதப்பல்.

நீங்கள் அனுப்பிய ஷீட்டைப் பார்த்தேன் சார். வரிசைகளைக் குலுக்கிப் பிரித்திருக்கிறீர்கள். 12-ஆம் ஏலத்தைக் கணிக்கும் மாடலுக்கு 13-ஆம் ஏலம் ஏற்கெனவே தெரியும்! தேதி வரிசையில் வெட்டுங்கள்: முதல் ஐந்தாண்டு பயிற்சி, அடுத்த ஆண்டு சோதனை, அப்புறம் ஓராண்டு நகர்த்தி மறுபடி.

இன்னொன்று, ‘மாத சராசரி’ என்ற பத்தி. முதல் வார வரிசையிலும் அந்த எண் இருக்கிறது. மாதம் முடியாமல் அது எப்படித் தெரிய வரும்? ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘என்று தெரிய வந்தது’ என்று ஒரு தேதி போடுங்கள்; பாதி ஓட்டை தானாக வெளியே வரும்.

சராசரியில் விற்ற சரக்கு மட்டுமே சேரும். விற்காமல் திரும்பிய லாட்டுகளின் (ஏலத் தொகுதிகளின்) அளவையும் தனிப் பத்தியாகக் கொடுங்கள். அடுத்த வாரச் சந்தையின் மனநிலை அதில்தான் தெரியும் என்பது என் கட்சி.

கூடலூர்: இன்றைய நிஃப்டி 50 நிறுவனங்களின் 20 ஆண்டு டேட்டா போதுமா?

போதாது. 2009-இல் சத்யமும் 2020-இல் யெஸ் பேங்கும் நிஃப்டியிலிருந்து நீக்கப்பட்டன. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எடுத்தால் எந்த உத்தியும் லாபம் காட்டும். அந்தந்த ஆண்டின் பட்டியலை எடுங்கள்.

வெலிங்டன்: விலையைக் கணிப்பது இவ்வளவு கஷ்டம் என்றால் வேறு என்னதான் ஆராய்வது?

எவ்வளவு ஆடும் என்று கணிக்கலாம். எந்தப் பக்கம் போகும் என்பதைவிட இது எளிது, ஏனென்றால் பெரிய ஆட்டங்கள் கூட்டமாக வரும். 1982-இல் பொருளியலாளர் ராபர்ட் எங்கிள் இதற்குத் தந்த ஆர்ச் மாடலுக்கு 2003-இல் நோபல் கிடைத்தது. உங்கள் நியூரல் நெட்வொர்க்கை அதன் வழிவந்த கார்ச்சோடு மோதவிடுங்கள். ஆப்ஷன் (குறித்த விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலையும் நல்ல களம். அந்த விலையைக் கணக்கிடும் 1973-இன் பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை விலைகளைப் பார்த்தே நெட்வொர்க் கற்றுக்கொள்ளும் என்று ஹட்சின்சன், லோ, போஜியோ மூவரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள்.

அருவங்காடு: ஜி.பி.யூ. (வேகக் கணக்குக்கான கிராபிக்ஸ் சிப்) இல்லை. பழைய லேப்டாப் போதுமா?

தாராளமாக. 50 பங்கு, ஆண்டுக்குச் சுமார் 250 வர்த்தக நாள், 20 ஆண்டு: இரண்டரை லட்சம் வரிசைதான். லைட்ஜிபிஎம் (முடிவு மரங்களை அடுக்கிக் கற்கும் மென்பொருள்) அசராது.

குன்னூர்: அக்கா, மாடலை நேரே எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகம்) இறக்கட்டுமா?

2021-22-இல் அதில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நஷ்டப்பட்டதாக பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. முதலில் தரகையும் எஸ்.டி.டி.யையும் (பங்குப் பரிவர்த்தனை வரி) கழித்து பேக்டெஸ்ட்டை (பழைய டேட்டாவில் உத்தியை ஓட்டிப் பார்க்கும் சோதனை) மறுபடி ஓட்டு. லாபக் கோடு இன்னும் மேலேயே போனால் ஷீட்டை எனக்கு அனுப்பு.