டிஎன்டி போட்டும் கட்சிக்காரங்க போன் நிக்கலையா?

கேள்வி: வக்கீல் சார் வணக்கம். கும்பகோணம் பக்கத்துல வீட்டுல இருந்தே சாப்பாடு ஆர்டர் எடுத்து செஞ்சு குடுக்குறேன். தெரியாத நம்பர்னு கட் பண்ண முடியாது, பாதி ஆர்டர் அப்படித்தான் வரும். எலெக்‌ஷன் அறிவிச்சதுல இருந்து தினம் எட்டு பத்து கால். சாம்பார் தாளிச்சிட்டு இருக்கும்போது ஓடிவந்து எடுத்தா "வணக்கம், நான் உங்கள் வேட்பாளர் பேசுகிறேன்"னு ரெக்கார்டு ஓடுது. போன வாரம் ஒரு ஆளு என் பேரு, வீட்டுக்காரர் பேரு, எத்தனாவது பூத்து எல்லாம் சரியா சொல்லி, இப்ப ஒரு ஓடிபி வரும் சொல்லுங்கன்னான். விளம்பரக் கால் வேண்டாம்னு டிஎன்டி போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. கேஸ் போட முடியுமா?

பதில்: ஓடிபி-ய சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன்மா. சொல்லியிருந்தா மீதிய அப்புறம் படிங்க, முதல்ல சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் பண்ணுங்க.

டிஎன்டி ஏன் வேலை செய்யலைன்னா, அது இதுக்கான பூட்டே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட 2018 விதிமுறைகள் தடுக்குறது வியாபார அழைப்பை மட்டும்தான், அதாவது பொருள், சேவை, முதலீடு இதையெல்லாம் விக்க வர்ற கால். டிஎன்டி பதியுற 1909-ல நீங்க தேர்ந்தெடுக்குற வகைகள பாருங்க, பேங்க், ரியல் எஸ்டேட், படிப்பு, டூரிசம்னு போகும், அரசியல்னு ஒண்ணு இருக்காது. ஓட்டு கேக்குறது வியாபாரமான்னு டீக்கடையில வேணா வாதாடலாம், போன் கம்பெனிக்காரன் உங்க புகாரை "இது வணிக அழைப்பு இல்லை"ன்னு சொல்லி மூடிடுவான். ஒரே 10 இலக்க நம்பர்ல இருந்து திரும்பத் திரும்ப ரெக்கார்டு கால் வந்தா 1909-ல போட்டு வைங்க, தப்பில்லை, ஆனா அதை நம்பி உக்காந்துடாதீங்க.

உங்க பேரும் வீட்டுக்காரர் பேரும் பூத்தும் அவனுக்கு தெரிஞ்சதுல மர்மம் எதுவும் இல்லைம்மா. வாக்காளர் பட்டியல்லயே அது இருக்கு, யாரு வேணா பாக்கலாம். ஆனா அச்சடிச்ச பட்டியல்ல செல் நம்பர் இருக்காது. அது எங்கேருந்து வந்துச்சுங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி. 2021-ல புதுச்சேரியில இதே கேள்வி சென்னை ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. பாஜக பேர்ல வாக்காளர்களுக்கு மொத்தமா எஸ்எம்எஸ் போய், அதுல வாட்ஸ்அப் குரூப் லிங்க் இருந்துச்சு, ஆதார்ல இணைச்ச நம்பருக்கு மட்டும்தான் வந்துருக்குன்னு இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்துக்காரங்க கேஸ் போட்டாங்க. கட்சி மறுத்துச்சு, ஆதார் ஆணையமும் எங்ககிட்ட இருந்து போகலைன்னுச்சு, கோர்ட் விசாரிக்கச் சொல்லுச்சு. நான் அந்த கேஸ்ல பாக்கச் சொல்றது வேற ஒண்ணு. முன் அனுமதி வாங்காம எப்படி மொத்தமா மெசேஜ் அனுப்புனீங்கன்னு தேர்தல் துறை கட்சிக்கு நோட்டீஸ் விட்டுச்சு பாருங்க, அதான் நமக்கு கிடைக்கிற பிடி.

தேர்தல் கமிஷன் உத்தரவுப்படி மொத்தமா அனுப்புற எஸ்எம்எஸ்ஸும் ரெக்கார்டு பண்ண வாய்ஸ் காலும் விளம்பரம்தான், எம்சிஎம்சிங்கற ஊடகச் சான்றிதழ் கமிட்டிகிட்ட முன்கூட்டியே காட்டி சர்டிபிகேட் வாங்கணும். அதோட செலவு வேட்பாளர் கணக்குல ஏறணும். சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாட்டுல ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரைக்கும்தான் செலவு பண்ணலாம், ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள கணக்கு குடுக்கணும், குடுக்கலைன்னா மூணு வருஷம் நிக்கவே விடாம பண்ண முடியும். அதனால வேட்பாளருக்கு டிராய் மேல எந்த பயமும் கிடையாது, செலவுக் கணக்கு மேலதான் பயம். "அது நான் இல்லைங்க, யாரோ அபிமானி பண்ணிருக்கான்"னு நழுவப் பாத்தா, வேட்பாளரோட எழுத்து அனுமதி இல்லாம அவருக்காக செலவு பண்றவன் மேல பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 176-வது பிரிவு இருக்கு, பத்தாயிரம் வரைக்கும் அபராதம். தொகை சின்னதுதான், ஆனா "யாரு அந்த அபிமானி"ன்னு கேள்வி வந்துடும்ல, அதுக்கே பாதி பேரு கால் நிறுத்திடுவாங்க.

ஆகவே புகார் போக வேண்டிய இடம் உங்க தொகுதி தேர்தல் நடத்தும் அலுவலர், மாவட்ட தேர்தல் அதிகாரியான கலெக்டர், அப்புறம் செலவினப் பார்வையாளர். பார்வையாளர் நம்பர தேர்தல் நேரத்துல பேப்பர்லயே போடுவாங்க. எங்க போகணும்னு தெரியலைன்னா தேர்தல் உதவி எண் 1950. எல்லாரும் தேர்தல் கமிஷனோட சி-விஜில் புகார் ஆப்ல போடுங்கம்பாங்க, தெருவுல பணம் குடுக்குறத, பரிசுப் பொருள் இறக்குறத புடிக்க அது அருமையான ஆப், 100 நிமிஷத்துல நடவடிக்கைங்கற கணக்கும் உண்டு, ஆனா கேலரியில இருக்கற பழைய பைல அது ஏத்துக்காது, உங்க கால் ரெக்கார்டிங்க அதுல எப்படி போடுவீங்க? எழுத்துல குடுங்க. ஒரு பக்கம் போதும். எந்த தேதி, எத்தனை மணி, எந்த நம்பர், வேட்பாளர் பேரு சொன்னாங்களா, என்ன பேசுச்சு, இவ்வளவுதான். கடைசியா ஒரு வரி சேருங்க: "இந்த அழைப்புக்கு எம்சிஎம்சி சான்றிதழ் உள்ளதா, இதன் செலவு வேட்பாளர் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளதா எனத் தெரிவிக்கவும்." அந்த ஒரு வரிக்காகத்தான் மீதி பக்கமே.

ஓட்டுப்பதிவு முடியுற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரத்துல வர்ற மொத்த கால், மெசேஜுக்கு தனியா புகார் குடுங்க, அப்ப சர்டிபிகேட் இருந்தாலும் அனுப்பக்கூடாது.

ஒரு தொண்டர் தன் சொந்த போன்ல இருந்து கூப்பிட்டு "அக்கா நம்ம சின்னத்துக்கு போட்டுருங்க"ன்னா அதுல குத்தம் எதுவும் இல்லை, வேண்டாம்னு சொல்லி வைக்க வேண்டியதுதான். வேண்டாம்னு சொன்ன பிறகும் ராத்திரியில கூப்பிட்டு வழியிறான், மிரட்டுறான்னா அது தேர்தல் விஷயமே இல்லை, நேரா ஸ்டேஷன்.

ஓடிபி கேட்ட ஆளு கட்சிக்காரனா திருடனான்னு போன்ல கண்டுபிடிக்க முடியாது, ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான், ஓடிபி குடுக்க மாட்டேன். தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி சைட்ல, மோசடிக் கால் பத்தி சொல்றதுக்கு சக்‌ஷுன்னு இருக்கு, அந்த நம்பர அதுல போடுங்க. 2025 ஜூலையில திமுகவோட 'ஓரணியில் தமிழ்நாடு' உறுப்பினர் சேர்க்கையில ஓடிபி அனுப்புறதுக்கே மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டுச்சு, சுப்ரீம் கோர்ட்டும் ஆகஸ்ட்ல அதுல தலையிடல. நாங்க கட்சிதாங்க, சும்மா சரிபார்க்கத்தான்னு யாராவது இழுத்தா இதைச் சொல்லுங்க.

கேஸ் போடலாமான்னு கேட்டீங்க. நஷ்டஈடு கேட்டு சிவில்ல போனா எனக்கு பீஸ் வரும், உங்களுக்கு வாய்தா வரும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லயே வந்துடுச்சு, ஆனா விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, சம்மதம் இல்லாம நம்பர் எடுத்ததை கேக்குற முக்கியப் பிரிவுகளுக்கு அதுல இருந்து 18 மாசம் டைம் குடுத்துருக்காங்க. இந்த எலெக்‌ஷனுக்கு மேல சொன்ன ஒரு பக்கக் கடிதாசிதான் உங்க ஆயுதம்.

அந்த பூத்து நம்பர் சொன்ன ஆளோட கால் இன்னும் லாக்ல இருக்கான்னு இன்னிக்கே பாத்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துருங்கம்மா, தினம் பத்து கால் வந்தா பழசெல்லாம் சீக்கிரம் கீழ போய் அழிஞ்சிடும்.